நடுவயதுப் பெண்களும் டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லும்: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர், கூடலூர் பக்கத்தில் நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் இந்த மருந்தைப் பற்றிக் கேட்பவை இவை. கோவையில் டாக்டரைப் பார்த்துவிட்டு, ஆண்களுக்கான ஜெல் பாக்கெட்டோடு மலையேறி வந்துவிட்டவர்கள் நேராக அளவு பற்றிய கேள்விக்குப் போகலாம். மற்றவர்கள் முதலிலிருந்து படியுங்கள். இந்த மருந்து தனக்குத் தேவையே இல்லை என்று தெரிந்துகொள்ளப் போகிறவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

அது ஆண்களுடைய ஹார்மோன் தானே? பெண்ணுக்கு எதற்கு?

பெண் உடம்பிலும் அது எப்போதும் சுரந்துகொண்டுதான் இருக்கிறது. சினைப்பைகளில் இருந்து ஒரு பங்கு, அட்ரினல் சுரப்பிகளில் இருந்து ஒரு பங்கு. மீதி, கொழுப்பிலும் தோலிலும் வேறு ஹார்மோன்கள் மாறி உருவாவது. அளவுதான் வேறு. வளர்ந்த ஆணின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 300 முதல் 1000 நானோகிராம் இருக்கும். பெண்ணுக்கு 15 முதல் 70.

இருபதுகளின் கடைசியிலிருந்தே இது மெல்லக் குறைந்து, நாற்பதுகளின் நடுவில் பாதியளவுக்கு வந்துவிடும். மாதவிலக்கு நிற்கும் சமயத்தில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் சடாரென்று விழுகிற மாதிரி இது விழுவதில்லை; மாதவிலக்கு நின்ற பிறகும் சினைப்பை இதைக் கொஞ்சம் சுரந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே "பீரியட்ஸ் நின்றது, டெஸ்டோஸ்டிரோனும் தீர்ந்தது" என்பது சரியல்ல.

விதிவிலக்கு, கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்தவர்கள். அவர்களுக்கு ஆபரேஷனோடு பாதியளவு போய்விடும். சிக்கல் என்னவென்றால், "கர்ப்பப்பையை எடுத்தாங்க" என்பது வரைதான் பலருக்குத் தெரியும். ஓவரி இருக்கிறதா, போயிற்றா என்று தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். அதில் ‘பைலேட்டரல் சால்பிங்கோ ஊஃபரெக்டமி’ என்றோ, சுருக்கமாக ‘பி.எஸ்.ஓ.’ என்றோ இருந்தால் இரண்டும் எடுக்கப்பட்டுவிட்டன. டாக்டருக்கு முதலில் காட்ட வேண்டிய காகிதம் அதுதான்.

எந்தப் பிரச்சினைக்கு இதைக் கொடுக்கிறார்கள்?

ஒன்றே ஒன்றுக்கு. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு உடலுறவு நாட்டம் குறைந்து, அது அவருக்கே மனவருத்தமாக இருந்து, வேறு காரணம் தேடியும் கிடைக்காவிட்டால் மட்டும். சர்வதேச மெனோபாஸ் சங்கம் உட்படப் பல அமைப்புகள் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட உலகளாவிய ஒருமித்த அறிக்கை இதைத்தான் சொல்கிறது. அதே ஆண்டு, 36 ஆய்வுகளில் இருந்த 8480 பெண்களின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பலன் இருந்தது, ஆனால் அடக்கமான பலன்: ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத போலி மருந்தைப் போட்டவர்களைவிடச் சராசரியாக மாதம் ஒரு முறை கூடுதலாகத் திருப்தியான உறவு. நாட்டம், கிளர்ச்சி, உச்சம் இவற்றின் மதிப்பெண்களும் கூடின. இளமை திரும்பும் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இந்த எண்ணைச் சொல்ல மாட்டார்கள்.

எப்போதும் அசதி, மறதி, மூட்டுவலி, தூக்கம் இல்லை. அதற்குப் போடலாமா?

போடக் கூடாது. அசதிக்கோ, மனச்சோர்வுக்கோ, ஞாபகத்துக்கோ, எலும்புக்கோ, தசைக்கோ இதைப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை. அசதிக்கு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புக் கையிருப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு), பி12, வைட்டமின் டி, சர்க்கரை ஆகியவற்றைப் பாருங்கள்.

ஹீமோகுளோபினில் மலைக்காரர்களுக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. ஊட்டி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2240 மீட்டர் உயரம். காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவு என்பதால் இங்கே வாழ்கிறவர்களின் உடம்பு கொஞ்சம் அதிகமாகவே ஹீமோகுளோபின் உண்டாக்கி வைத்திருக்கும். சமவெளியில் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை என்பார்கள். இந்த உயரத்தில் அந்தக் கோடு 13-ஐ ஒட்டி வந்துவிடும். உலக சுகாதார நிறுவனமே உயரத்துக்கு ஏற்றபடி எல்லையைத் தூக்கித்தான் கணக்கிடச் சொல்கிறது. கோவை லேப் ரிப்போர்ட்டில் 12.2 என்று இருந்து, பக்கத்தில் ‘நார்மல்’ என்று அச்சாகியிருந்தால், ஊட்டிக்காரருக்கு அது நார்மல் ஆகாது. இரும்புச்சத்து சரியானதும் அசதியும் போய், நாட்டமும் கொஞ்சம் திரும்புவது உண்டு.

நாட்டம் குறைய வேறு என்னென்ன காரணம் இருக்கும்?

இந்தக் கேள்விக்குத்தான் டாக்டர் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். பெரும்பாலும் செலவழிப்பதில்லை.

முதல் காரணம் வலி. மாதவிலக்கு நின்றபின் பிறப்புறுப்பின் தோல் மெலிந்து வறண்டுபோகும். எரிச்சல், கீறல், அடிக்கடி நீர்க்கடுப்பு. ஒவ்வொரு முறையும் வலித்தால் எந்த மனசுதான் விரும்பும்? இதற்கு டெஸ்டோஸ்டிரோன் ஜெல் உதவாது. உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரியால் (ஒரு வகை ஈஸ்ட்ரோஜன்) க்ரீம் உதவும். வழக்கமாக முதல் இரண்டு, மூன்று வாரம் தினமும் இரவில் 0.5 மி.கி., அதன்பின் வாரத்துக்கு இரண்டு முறை. இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. முழுப் பலன் தெரிய இரண்டு, மூன்று மாதம் ஆகும். இரண்டு வாரத்தில் குணம் தெரியவில்லை என்று டியூபைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உறவின்போது வழுக்கும் ஜெல் தனியாக வாங்கிக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெய் பலருக்கு ஒத்துக்கொள்கிறது, ஆனால் ஆணுறையோடு சேர்த்துப் போட்டால் ரப்பர் கிழியும்.

இரண்டாவது, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், பராக்சிடின் வகை மாத்திரைகள் நாட்டத்தையும் உச்சத்தையும் மழுங்கடிக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் மாற்று கேளுங்கள். வாய்வழி ஈஸ்ட்ரோஜன், கருத்தடை மாத்திரை ஆகியவை வேறு வழியில் குறைக்கும். அதைப் பின்னால் சொல்கிறோம்.

பிறகு தைராய்டு, சர்க்கரை, இரத்தசோகை, கர்ப்பப்பை இறக்கம், சிறுநீர்க் கசிவு, தூக்கமின்மை.

கடைசியாக, எந்த லேப்பிலும் தெரியாத காரணங்கள். கணவருக்கே விறைப்பு வராமல் இருக்கும். சர்க்கரை நோயாளிகளில் இது சகஜம். குடி இருக்கும். எஸ்டேட் லைன் வீட்டில் ஒரே அறை, நடுவில் ஒரு சேலைத் திரை, அந்தப் பக்கம் மாமியாரும் கல்லூரி போகும் பிள்ளையும். ஐந்தரைக்கு எழுந்து சோறாக்கி, நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து பறித்து, இடுப்பு கடுக்க வீடு திரும்புகிறவரின் நாட்டக் குறைவை ஹார்மோன் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

எனக்கு இது பொருந்துமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டாக்டர்கள் பயன்படுத்தும் ஒரு சிறிய வடிகட்டி இருக்கிறது. முன்பு உங்களுக்கு இருந்த நாட்டம் உங்களுக்குத் திருப்தியாக இருந்ததா? அது இப்போது குறைந்திருக்கிறதா? குறைந்தது உங்களை வருத்துகிறதா? திரும்பி வர வேண்டும் என்று நீங்கள் விரும்புகிறீர்களா? இந்த நான்குக்கும் ‘ஆம்’ என்றால், ஐந்தாவதாக, மேலே சொன்ன வேறு காரணங்கள் உண்டா என்று பார்ப்பார்கள். குறைந்தது ஆறு மாதமாவது இந்த நிலை நீடித்திருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. வருத்தம் உங்களுடையதாக இருக்க வேண்டும். "அவருக்குக் கோபம் வருகிறது, ஏதாவது மருந்து கொடுங்க" என்று வந்தால் அது வேறு பிரச்சினை. நாட்டம் இல்லை, அதனால் எனக்கு ஒரு குறையும் இல்லை என்றால், அதற்கு நோய் என்று பெயர் வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

என்னென்ன இரத்தப் பரிசோதனை? எங்கே, எப்போது கொடுப்பது?

மொத்த டெஸ்டோஸ்டிரோன், எஸ்.எச்.பி.ஜி., இரத்த அணு எண்ணிக்கை, வெறும் வயிற்றில் கொழுப்பு, கல்லீரல், டி.எஸ்.எச்., சர்க்கரை. எஸ்.எச்.பி.ஜி. என்பது டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதம். அது கூடினால் வேலை செய்யும் ஹார்மோன் குறையும்.

இந்த எண்ணைக் கொண்டு நோயை முடிவு செய்ய முடியாது. இவ்வளவுக்குக் கீழே இருந்தால் நாட்டக் குறைவு என்று ஒரு கோடே கிடையாது. முதலில் பார்ப்பதற்கு இரண்டு காரணங்கள்: ஏற்கெனவே அதிகமாக இருக்கிறதா என்று தெரிய, பின்னால் ஒப்பிட ஒரு தொடக்க எண் வேண்டும் என்பதற்காக. மருந்தே போடாமல் 200 நானோகிராமைத் தாண்டி இருந்தால் கட்டி ஏதாவது இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்க வேண்டும்.

சாதாரண லேப் இயந்திரங்கள் ஆண்களின் அளவுக்குச் சரியாகக் காட்டும். பெண்களின் சிறிய அளவில் தடுமாறும். சின்ன அளவையும் சரியாக அளக்கும் எல்.சி.எம்.எஸ். முறையில் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஊட்டியிலோ குன்னூரிலோ சாம்பிள் கொடுத்தால் வெளியூர் பெரிய லேப்புக்கு அனுப்பிச் செய்து தருவார்கள். ரிப்போர்ட் வர நாளாகும். ஒவ்வொரு முறையும் ஒரே லேப், ஒரே முறை என்று வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எண்களை ஒப்பிட்டுப் பயனில்லை.

அலகையும் பாருங்கள். 35 நானோகிராம்/டெசிலிட்டர், 0.35 நானோகிராம்/மில்லி, 1.2 நானோமோல்/லிட்டர் மூன்றும் ஒரே அளவுதான். சென்ற முறை 35, இந்த முறை 0.35 என்று பார்த்துவிட்டு, ஹார்மோன் நூறில் ஒன்றாகிவிட்டது என்று ஜெல்லைக் கூட்டிவிடக் கூடாது.

முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு, மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டுப் போங்கள். தைராய்டு உட்படப் பல பரிசோதனைகளை அது பொய்யாகக் காட்டும்.

பெண்களுக்கென்று தனி மருந்து இந்தியாவில் கிடைக்குமா?

பெண்களுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட டெஸ்டோஸ்டிரோன் மருந்து இங்கே இல்லை. ஐரோப்பாவில் 2006-ல் ‘இன்ட்ரின்சா’ என்ற ஒட்டுப்பட்டை வந்தது, தினம் 300 மைக்ரோகிராம் தருவது. 2012-ல் அது சந்தையில் இருந்து போய்விட்டது. ஆஸ்திரேலியாவில் ‘ஆண்ட்ரோஃபெம்’ என்ற 1 சதவீத க்ரீமுக்கு 2020-ல் அனுமதி கிடைத்தது. நம்மூரில் டாக்டர்கள் எழுதித் தருவது ஆண்களுக்கான ஜெல்லை, சின்ன அளவில். சட்டப்படி டாக்டர் அப்படி எழுதலாம், ஆனால் அது அங்கீகரிக்கப்பட்ட பயன் அல்ல என்பதை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. சின்ன ஊர், மெடிக்கல் ஷாப்காரர் சித்தப்பா முறை என்றால் கேட்கவே கூசும். மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். பில்லோடு வாங்குங்கள். பெட்டிக்குள் இருக்கும் துண்டுச்சீட்டில் எல்லாமே ஆண்களுக்கான அளவு. அதைப் பின்பற்ற வேண்டாம்.

பாக்கெட்டில் 50 மி.கி. என்று இருக்கிறது. நான் எவ்வளவு போட வேண்டும்?

வழக்கமான அளவு நாளுக்கு 5 மி.கி. ஆண்களின் 1 சதவீத ஜெல் 5 கிராம் சாஷேயில், அதாவது ஒரு சின்ன பாக்கெட்டில், 50 மி.கி. இருக்கும். ஆகவே ஒரு சாஷே உங்களுக்குப் பத்து நாளைக்கு வர வேண்டும். ஆணுக்கு அது ஒரு நாள் மருந்து. இந்த ஒரு வரியைத் தவறவிட்டதால்தான் மீசையும் முகப்பருவும் வருகின்றன.

முதலில் சாஷேயின் மேல் சதவீதத்தைப் பாருங்கள். 1.62 சதவீதம், 2 சதவீதம் என்றும் ஜெல்கள் உண்டு. அவற்றுக்குக் கணக்கு மாறும். 1 சதவீத ஜெல்லில் அரை மில்லி என்றால், 2 சதவீதத்தில் கால் மில்லிதான்.

1 மில்லி சிரிஞ்ச் ஒன்று, ஊசி இல்லாமல் வாங்குங்கள். இன்சுலின் சிரிஞ்ச் வேண்டாம்: அதில் கோடுகள் யூனிட் கணக்கில் இருக்கும், 40 யூனிட் சிரிஞ்சுக்கும் 100 யூனிட் சிரிஞ்சுக்கும் அளவு வேறு, ஊசியும் பெரும்பாலும் கழற்ற வராது. சாஷேயின் ஒரு மூலையைச் சிரிஞ்சின் மூக்கு நுழையும் அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். மூக்கை உள்ளே விட்டு, சாஷேயை விரலால் அழுத்திக்கொண்டே 0.5 மில்லிக்கு மெல்ல இழுங்கள். வேகமாக இழுத்தால் காற்றுதான் வரும். காற்றுக் குமிழி இருந்தால் மூக்கை மேலே தூக்கித் தட்டி, வெளியே தள்ளிவிட்டு மறுபடி இழுங்கள். 1 சதவீத ஜெல்லில் அரை மில்லி, ஏறக்குறைய 5 மி.கி.

வெட்டிய மூலையை இரண்டு மடிப்பாக மடித்து, துணிக் கிளிப் மாட்டி, ஜிப் கவருக்குள் போட்டு நிமிர்த்தி வையுங்கள். திறந்து வைத்தால் ஆல்கஹால் ஆவியாகி, மிச்சம் இருப்பது கெட்டியாகும். பத்தாம் நாள் போடுவது முதல் நாள் போட்டதைவிட வீரியமாகிவிடும். வெட்டிய தேதியைக் கவர் மேல் எழுதி வைத்தால், பத்து நாளுக்கு முன்பே தீர்கிறதா என்று தெரியும். ஆறே நாளில் தீர்ந்தால் கூடுதலாகப் போடுகிறீர்கள்.

"பட்டாணி அளவு" என்று சொல்லி அனுப்பும் டாக்டர்களும் உண்டு. எந்தப் பட்டாணி? ஊட்டிப் பச்சைப் பட்டாணிக்கும் கடையில் விற்கும் காய்ந்த பட்டாணிக்கும் ஒன்றுக்கு இரண்டு வித்தியாசம். சிரிஞ்சையே நம்புங்கள்.

எங்கே தடவ வேண்டும்? இந்தக் குளிரில் எப்படி?

தொடையின் மேல்புற வெளிப்பக்கம், பிட்டம், அடிவயிறு. நாளுக்கு ஒரு இடம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் தடவினால் அந்த இடத்தில் மட்டும் முடி கருத்து வளரும். முகம், மார்பு, பிறப்புறுப்பு, வெடித்த தோல் இங்கெல்லாம் கூடாது.

குளித்துத் துடைத்து, ஈரம் நன்றாக உலர்ந்தபின் தடவுங்கள். உள்ளங்கையளவு இடத்தில் மெல்லிசாகப் பரப்பினால் போதும், அழுத்தித் தேய்க்க வேண்டாம். சமவெளியில் ஓரிரு நிமிடத்தில் காய்ந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் இங்கே ஐந்து நிமிடம் ஆகலாம். குளிர் தாங்காமல் உடனே கம்பளிப் பாவாடையையோ தெர்மலையோ இழுத்துவிட்டால் மருந்தில் பாதி துணிக்குப் போகும்.

சூடு வேண்டும் என்று கணப்புப் பக்கமோ, குமுட்டி அடுப்புப் பக்கமோ நின்று தடவாதீர்கள். ஜெல்லில் பெரும்பகுதி ஆல்கஹால். ஈரமாக இருக்கும்வரை தீப்பிடிக்கும். கதவைச் சாத்திய அறையில், அடுப்புக்குத் தள்ளி, காய்ந்தபின் அடுப்புப் பக்கம் போங்கள்.

தடவிய பிறகு சில மணி நேரம் அந்த இடத்தை நனைக்கக் கூடாது. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் காலையில் தொடையில் தடவிக்கொண்டு போனால், இடுப்பில் கட்டிய தார்ப்பாய் உரசி, பனியிலும் சாரலிலும் துணி நனைந்து, மருந்து நிற்காது. மாலையில் வந்து வெந்நீரில் குளித்து, இரவில் தடவுவது அவர்களுக்குச் சரி. எந்த நேரம் என்பது முக்கியமில்லை, தினமும் அதே நேரம் என்பதுதான் முக்கியம். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டு பங்கு போட வேண்டாம்.

வீட்டில் பேரப்பிள்ளை இருக்கிறான். அவனுக்கு ஒட்டுமா?

ஒட்டும். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரியவர்கள் தடவிய ஜெல் தோல்பட்டு, சின்னக் குழந்தைகளுக்குப் பிறப்புறுப்பு பெரிதாவது, அந்தரங்க முடி வளர்வது, முரட்டுத்தனம் கூடுவது என்று நிகழ்ந்ததால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-ல் ஜெல் பெட்டிகளில் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட வைத்தது. உங்கள் அளவு ஆண்களுடையதைவிடக் குறைவு என்றாலும் குழந்தையின் உடம்பும் சின்னதுதானே.

தடவியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குளிருக்குப் பயந்து துணியில் துடைத்துவிட்டு விடாதீர்கள். பிள்ளையை இடுப்பில் தூக்குகிறவர்கள் அடிவயிற்றைத் தவிர்த்து, தொடையையே தேர்ந்தெடுங்கள். ஒரே கம்பளிக்குள் பேரனை அணைத்துத் தூங்கும் பாட்டிமார், முழுப் பாவாடையோ பைஜாமாவோ போட்டுக்கொள்ள வேண்டும், அல்லது காலையில் தடவ வேண்டும். வீட்டில் கர்ப்பிணி மருமகள் இருந்தால் இன்னும் கவனம்: அந்த இடத்தைத் தொடவும் கூடாது, ஜெல் பட்ட துணியை அவர் துவைக்கவும் கூடாது. கணவரோடு நெருங்கும் முன் அந்த இடத்தைக் கழுவிவிடலாம்.

எத்தனை நாளில் பலன் தெரியும்?

ஆறு முதல் பன்னிரண்டு வாரம். ஆறு மாதம் சரியாகப் போட்டும் ஒன்றும் தெரியவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். அளவைக் கூட்டிப் பார்க்கும் சபலம் வரும். கூட்டினால் பலன் அல்ல, மீசைதான் கூடும்.

மறு பரிசோதனை எப்போது?

தொடங்கி மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் ஒன்று, பிறகு நிலையானதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இளம்வயதுப் பெண்ணின் எல்லைக்குள் எண் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இது. தாண்டியிருந்தால் அறிகுறி இல்லாவிட்டாலும் குறைக்க வேண்டும்.

அன்றைக்கு இரத்தம் கொடுத்த பிறகு ஜெல் போடுங்கள். ஜெல் பட்ட விரலால் முழங்கை மடிப்பைத் தொட்டிருந்தால், ஊசி அந்தத் தோலைத் துளைத்து ஜெல்லையும் எடுத்துக்கொள்ளும். ரிப்போர்ட்டில் ஆணின் அளவு வந்து நிற்கும். எண் தாறுமாறாக இருந்தால் பதறாமல், கையைக் கழுவிவிட்டு இன்னொரு முறை கொடுங்கள்.

தென்மேற்குப் பருவமழையிலும், ஐப்பசி, கார்த்திகையிலும் மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி நின்றுவிடுவது புதிதல்ல. ஆறு வாரம் முடியும் தேதி அந்த மாதங்களில் விழுந்தால், கோவை போகக் காத்திருக்காமல் இங்கேயே சாம்பிள் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட்டை டாக்டருக்குப் போனில் அனுப்பிவிடுங்கள்.

மீசை முளைக்குமா? குரல் மாறுமா?

சரியான அளவில், லேசான முகப்பருவும் கொஞ்சம் முடி வளர்ச்சியும் சிலருக்கு வரும். அளவைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ பெரும்பாலும் அடங்கும். தலைமுடி கொட்டுவது, குரல் தடிப்பது, கிளிட்டோரிஸ் பெரிதாவது ஆகியவை பொதுவாக அளவு மீறியதற்கான அடையாளங்கள்.

இவற்றில் குரலைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். குரல்நாண் தடித்துவிட்டால், மருந்தை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாமல் போகலாம். சர்ச் பாடகர் குழுவிலோ பஜனையிலோ பாடுகிறவர்களும் ஆசிரியைகளும் இதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வழக்கமாக எட்டும் மேல் சுருதி எட்டாமல் போனாலோ, சளி இல்லாமலே தொண்டை கரகரத்தாலோ அன்றே நிறுத்தி, பரிசோதனை செய்யுங்கள். "பனிக்கு அப்படித்தான் இருக்கும்" என்று இங்கே எல்லோரும் சமாதானம் சொல்வார்கள். இரண்டு வாரம் ஆகியும் போகாத கரகரப்பு பனியால் வந்ததல்ல.

இதயத்துக்கு? மார்பகப் புற்றுநோய்க்கு?

தோல் வழியாக, பெண்ணின் அளவில் போடும்போது கொழுப்பு எண்களிலோ இரத்த அழுத்தத்திலோ குறிப்பிடும்படியான கெடுதல் காணப்படவில்லை. வாய்வழி எடுத்தால் கெட்ட கொழுப்பு கூடி நல்ல கொழுப்பு குறைகிறது, அதனால் மாத்திரை வடிவம் வேண்டாம். ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் பெரும்பாலும் இதய ஆபத்து குறைந்தவர்கள். அந்த முடிவை மாரடைப்பு வந்தவருக்கு அப்படியே பொருத்த முடியாது. நீண்டகாலப் பாதுகாப்பு இன்னும் நிறுவப்படவில்லை. ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

ஏற்கெனவே ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுக்கிறேன். சேர்த்துப் போடலாமா?

சேர்க்கலாம். அதற்கு முன் ஒன்று. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் கல்லீரலைத் தூண்டி எஸ்.எச்.பி.ஜி.யைக் கூட்டும், அது இருக்கிற டெஸ்டோஸ்டிரோனையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த மாத்திரையைத் தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல்லாக மாற்றினாலே சிலருக்குப் போதுமானதாகிவிடும். கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு, அதன் உட்சுவரைக் காக்க, ஈஸ்ட்ரோஜனோடு புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனும் கட்டாயம் வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் அந்த வேலையைச் செய்யாது.

மாதவிலக்கு நின்றவர்களுக்குத் தரும் டிபோலோன் 2.5 மி.கி. ஹார்மோன் மாத்திரை பற்றியும் கேட்கிறார்கள். அதற்கு லேசான ஆண் ஹார்மோன் குணம் உண்டு, நாட்டத்துக்கும் உதவும். ஆனால் வயதான பெண்களிடம் நடந்த ஆய்வில் பக்கவாதம் கூடியது; அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஏற்றதல்ல, மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் கூடாது.

எனக்கு இன்னும் பீரியட்ஸ் வருகிறது, முன்னே பின்னே ஆனாலும். போடலாமா?

மேலே சொன்ன சான்றுகள் மாதவிலக்கு நின்றவர்களுக்கானவை. இன்னும் வருகிறது என்றால் கரு தங்க வாய்ப்பும் இருக்கிறது. கருவில் பெண் குழந்தை இருந்தால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சியையே இந்த மருந்து மாற்றிவிடும். நம்பகமான கருத்தடை இல்லாமல் பேச்சே இல்லை. பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்தவர்களுக்கு ஏற்கெனவே இந்த ஹார்மோன் கூடுதலாக இருக்கக்கூடும்.

ஒரே ஊசியில் மூன்று மாதத்துக்கு வேலை முடிந்துவிடும் என்கிறார்களே? தோலுக்கடியில் வைக்கும் பெல்லட்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். தடவும் 5 மி.கி. ஜெல்லில் தோலைத் தாண்டி உள்ளே போவது பத்தில் ஒரு பங்குதான், அதாவது அரை மில்லிகிராம். ஆண்களுக்கான ஊசி 250 மி.கி.; அதில் உள்ளது அத்தனையும் உடம்புக்குள் கரையும். ஒரு வருடத்தின் மருந்து ஒரே குத்தில் போகிறது. அதிலும் பெரும்பகுதி முதல் சில வாரங்களிலேயே. குரல் போகத் தொடங்கினால் ஜெல்லைக் கழுவி நிறுத்திவிடலாம், ஊசியை வெளியே எடுக்க முடியாது. பெல்லட்டும் அப்படித்தான். ஒருமித்த அறிக்கை இரண்டையுமே பரிந்துரைக்கவில்லை. கிளினிக்கிலேயே கலந்து தரும் பெயரில்லாத க்ரீமும் வேண்டாம். அதில் எவ்வளவு இருக்கிறது என்று கலந்தவருக்கே தெரிய நியாயமில்லை.

மலையிலேயே யாரைப் பார்ப்பது?

முதல் கட்டத்துக்குக் கோவை தேவையில்லை. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ குன்னூர் லாலி அரசு மருத்துவமனையிலோ மகப்பேறு, மகளிர் மருத்துவப் பிரிவில் காட்டி, வறட்சி, இறக்கம், இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரையைப் பார்த்துவிடலாம். அவை சரியான பிறகும் குறை இருந்தால் கோவையில் மெனோபாஸ் பார்க்கும் மகளிர் மருத்துவரிடமோ ஹார்மோன் சிறப்பு மருத்துவரிடமோ போங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லா மாத்திரை அட்டைகள், மேலே சொன்ன ரிப்போர்ட்கள் கையில் இருக்கட்டும். துணைக்கு யார் வந்தாலும், டாக்டரிடம் பத்து நிமிடமாவது தனியாகப் பேசக் கேளுங்கள்.

மூத்தோர் தடகளத்தில் ஓடுகிறேன்.

டெஸ்டோஸ்டிரோன் எல்லாக் காலத்திலும் தடை செய்யப்பட்ட பொருள், ஜெல்லும் அடக்கம். போட்டியா, மருந்தா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

திடீரென்று நிறுத்தினால் ஏதாவது ஆகுமா?

ஆகாது. படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்தல்ல. பலன் சில வாரங்களில் கரைந்து பழைய நிலை வரும், அவ்வளவுதான்.

மிச்சமான சாஷேயை எங்கே போடுவது?

காலி சாஷேயிலும் மருந்து ஒட்டியிருக்கும். குப்பைத் தொட்டியைக் குரங்கும் கரடியும் கிளறும் ஊரில் அதை அப்படியே எறிய வேண்டாம். தோட்டத்திலோ ஓடையிலோ வீசவும் கூடாது. மடித்து, ஒரு பழைய மாத்திரை டப்பாவில் போட்டு மூடி, டேப் ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். டப்பா நிறைந்ததும் மறு பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவமனையில் காலாவதி மருந்துகளோடு சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிடலாம். சிரிஞ்சைத் தினமும் வெந்நீரில் அலசிக் காயவைத்து, சாஷே மாறும்போது அதையும் மாற்றுங்கள். கோடுகள் அழிந்த சிரிஞ்சை வைத்துக்கொண்டு குத்துமதிப்பாக இழுக்க வேண்டாம்.